28 மணி நேர நாள்!

ஒரு நாளைக்கு எத்தனை மணி? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் 24 என்று சொல்லிவிடும்.

அந்த 24-ஐ 28 ஆக நீட்டினால் மனித உடல் என்ன செய்யும்? ஒத்துக்கொள்ளுமா, முரண்டு பிடிக்குமா? இதைக் கண்டுபிடிக்க ஒருவர் பூமிக்கு அடியில் போய்க் குடியிருந்தார்!

அவர் பெயர் டாக்டர் நதானியல் கிளைட்மன். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மனிதன் ஏன் தூங்குகிறான், எப்படித் தூங்குகிறான் என்பதை ஆராய்வதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டவர்.

1938-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரும், அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மாமத் குகைக்குள் இறங்கினார்கள். உலகத்திலேயே மிக நீளமான குகை அதுதான்.

குகை எதற்கு என்று கேட்கலாம். அங்கே சூரியன் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. கோழி கூவுவதில்லை. வெயிலும் பனியும் மாறி மாறி வருவதில்லை. எந்நேரமும் ஒரே இருட்டு, ஒரே குளிர். இரவா பகலா என்று உடலுக்குச் சாடை காட்ட எதுவுமே கிடையாது.

இரண்டு பேரும் அங்கே புதிய நாள் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். 9 மணி நேரம் தூக்கம், 10 மணி நேரம் வேலை, 9 மணி நேரம் ஓய்வு. மொத்தம் 28 மணி. வெளியே இருப்பவர்களுக்கு வாரத்தில் 7 நாள். குகையில் இருந்தவர்களுக்கு 6 நாள். கூட்டிப் பாருங்கள், இரண்டும் 168 மணிதான்!

எலிகள் மேலே ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தகர டின்களுக்குள் நிறுத்தி, 32 நாட்கள் அங்கே வாழ்ந்தார்கள். அடிக்கடி உடல் உஷ்ணத்தை அளந்து குறித்துக்கொண்டார்கள்.

வாலிபரும் பேராசிரியரும்

உடல் உஷ்ணத்தை ஏன் அளக்க வேண்டும்? ஆரோக்கியமாக இருக்கும் மனிதனுக்கும் உடலின் சூடு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகலில் சிறிது ஏறும். பின்னிரவில் சிறிது இறங்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் 28 மணிக்கு மாறினால், உடல் புதிய நாளை ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

ரிச்சர்ட்சன் இருபது வயதுகளில் இருந்த வாலிபர். அவர் உடல் ஒரு வாரத்தில் மாறிக்கொண்டது. கிளைட்மனுக்கு வயது 43. அவர் உடலோ கடைசி வரையில் இணங்கவே இல்லை! குகைக்கு வெளியே மனிதர்கள் உறங்கும் நேரத்தில்தான் அவருக்கும் கண்ணைச் சுழற்றியது. புதிய கணக்குப்படி வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அவர் தள்ளாடினார்.

ஒருவர் மாறினார், மற்றவர் மாறவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்புச் சொல்வது? வழக்கு முடிய இன்னும் 61 வருஷங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்டு விஞ்ஞானிகள் அதே 28 மணி நேர நாளைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். இம்முறை 24 பேர். அவர்களில் வாலிபர்களும் உண்டு, முதியவர்களும் உண்டு. குகைக்குப் பதிலாக ஜன்னல் இல்லாத அறைகள். முக்கியமாக, விளக்குகளை மிக மங்கலாக வைத்தார்கள். வெளிச்சம் உடலை ஏமாற்றக் கூடியது என்பது அதற்குள் தெரிந்திருந்தது.

1999-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. சாப்பாடும் தூக்கமும் 28 மணிக் கணக்கில் நடந்தாலும், உள்ளே ஓடிய கடிகாரம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அது தன் போக்கில் சராசரி 24 மணி 11 நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. வாலிபருக்கும் முதியவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு!

மனிதன் கையில் கட்டும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை அப்படித் திருப்ப முடியாது.

மதுரை வௌவால்கள்

இந்தக் கடிகாரம் மனிதனுக்கு மட்டும் சொந்தமல்ல. தொட்டாற்சுருங்கிச் செடி பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 1729-ம் ஆண்டிலேயே டி மேரான் என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி அந்தச் செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். சூரியனைப் பார்க்காமலே அது நேரம் தவறாமல் இலையை விரித்தது, மூடியது!

நம் மதுரைக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், மதுரையை அடுத்த குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே புகாத இடத்தில் அடைத்து வைத்த வௌவால்களும், தம் இனம் பறந்து செல்லும் சந்தடியைக் கொண்டே பொழுதைத் தெரிந்துகொள்கின்றன என்று 1981-ல் எடுத்துக் காட்டினார்கள். பிற்பாடு அதே பல்கலைக் கழகத்தில், மணி பார்க்க வழியில்லாத தனி அறையில் மனிதர்களையே தங்க வைத்தும் பரிசோதனை செய்தார்கள்.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

மூளையின் அடிப்பாகத்தில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறக்குறைய 20,000 நரம்பு அணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு முடிச்சு. 1972-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே எலிகளிடம் அந்த முடிச்சை அழித்துப் பார்த்தன. எலிகளுக்கு இரவு பகல் என்ற ஒழுங்கே போய்விட்டது!

இந்தத் தலைமைக் கடிகாரம் தினமும் சில நிமிஷங்கள் தவறிப் போகிறது அல்லவா? அதைத் திருத்துவது காலை வெளிச்சம். கண் வழியாக ஒளி உள்ளே போனதும் கடிகாரம் சரியாகிறது. பிறகு உடல் முழுவதற்கும் உத்தரவு பறக்கிறது.

உத்தரவைச் சுமந்து செல்லும் தூதர்கள்தான் ஹார்மோன்கள். சுரப்பிகளில் ஊறி, ரத்தத்தில் கலந்து, ஊர் முழுவதும் செய்தி சொல்லும் ரசாயனங்கள் அவை.

பொழுது சாய்ந்ததும் மூளையில் அரிசி மணி அளவே இருக்கும் பினியல் சுரப்பி, மெலடோனின் என்ற ஹார்மோனை விடுகிறது. 'இரவு வந்துவிட்டது' என்று உடலுக்குத் தண்டோரா போடுவது இதன் வேலை. 1958-ல் ஏல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஆரன் லேர்னர் இதை மாடுகளின் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தார்.

விடியும் தறுவாயில் கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோன் ஏறுகிறது. மில்லில் ஊதும் காலைச் சங்கைப் போல, 'எழுந்திரு, வேலை காத்திருக்கிறது' என்று அது எல்லாரையும் எழுப்பி விடுகிறது. இரவில் முதல் ஆழ்ந்த தூக்கம் வரும்போது வளர்ச்சி ஹார்மோன் பெருகுகிறது; தேய்ந்ததைச் சரிக்கட்டும் வேலை அப்போது நடக்கிறது.

ஈரலுக்கும் மணி தெரியும்!

இதுவரை சொன்னது தூக்கத்தின் கதை. சோற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தலைமைக் கடிகாரம் மூளையில் இருந்தாலும், கிளைக் கடிகாரங்கள் உடல் முழுவதும் இருக்கின்றன. ஈரல், கணையம், குடல், தசை, கொழுப்பு எல்லாவற்றிலும் உண்டு. தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. ஈரலோ சாப்பாடு வரும் நேரத்தைப் பார்த்து ஓடுகிறது!

2000-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்து விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்கு இரை போடும் நேரத்தை மாற்றினார்கள். சுண்டெலி இரவில் தின்னும் பிராணி. அதற்குப் பகலில் மட்டுமே இரை கொடுத்தார்கள். சில நாட்களில் ஈரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளையின் கடிகாரமோ அசையவே இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று பகல் 12 என்கிறது, மற்றொன்று நள்ளிரவு 12 என்கிறது. அந்த வீட்டில் எந்தக் காரியம் ஒழுங்காக நடக்கும்?

சோறோ இட்டிலியோ சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடனே கணையம் இன்சுலின் ஹார்மோனை விடுகிறது. தசைகளின் கதவைத் திறந்து, சர்க்கரையை உள்ளே அனுப்பும் காவல்காரன் இந்த இன்சுலின். ஆனால், காவல்காரனுக்கும் பகல் வேலை உண்டு, இரவு ஓய்வு உண்டு. 2015-ல் பாஸ்டனில் 14 பேருக்கு ஒரே சாப்பாட்டைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் சாப்பிட்டபோது ரத்தச் சர்க்கரை 17 சதவிகிதம் அதிகமாக ஏறியது. அதே மனிதர், அதே உணவு, அதே அளவு. மாறியது நேரம் ஒன்றுதான்!

'என்ன சாப்பிடுகிறாய்? எவ்வளவு சாப்பிடுகிறாய்?' என்றுதான் டாக்டரும் கேட்கிறார், வீட்டில் பெரியவர்களும் கேட்கிறார்கள். 'எப்போது சாப்பிடுகிறாய்?' என்று உடல் கேட்கிறது.

தூக்கத்தைத் திருடினால்...

கிளைட்மன் வேலை பார்த்த அதே சிகாகோ பல்கலைக் கழகத்தில், 1999-ம் ஆண்டு டாக்டர் ஈவ் வான் காட்டர் குழுவினர் ஆரோக்கியமான 11 வாலிபர்களை அழைத்தார்கள். 6 இரவுகள், தினம் 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள்.

ஆறே இரவுகள்தான். அதற்குள் அந்த வாலிபர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் விதம் ஆரம்ப நிலை நீரிழிவுக்காரரைப் போல ஆகிவிட்டது. நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களோடு ஒப்பிட்டால், ரத்தத்திலிருந்து சர்க்கரை கரையும் வேகம் சுமார் 40 சதவிகிதம் குறைந்திருந்தது. காலைச் சங்காகிய கார்ட்டிசால், ஓய வேண்டிய மாலை நேரத்திலும் ஊதிக்கொண்டிருந்தது!

2004-ல் அதே குழுவினர் பசியையும் அளந்தார்கள். நமக்குப் பசியைச் சொல்லும் ஹார்மோன்களில் இரண்டு முக்கியமானவை. 'போதும்' என்று கையை மறிப்பது லெப்டின். 'இன்னும் கொஞ்சம் போடு' என்பது கிரெலின். 12 வாலிபர்கள் இரண்டே இரவுகள் 4 மணி நேரம் படுத்தார்கள். முன்போ பின்போ இரண்டு இரவுகள் 10 மணி நேரம் படுத்ததோடு ஒப்பிட்டபோது, லெப்டின் 18 சதவிகிதம் குறைவு. கிரெலின் 28 சதவிகிதம் அதிகம். பசி கூடியது. அதிலும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேலேதான் ஆசை பாய்ந்தது.

கண் விழித்துப் படிக்கும் மாணவன் நள்ளிரவில் முறுக்கு டின்னைத் தேடுவது அவன் குற்றமல்ல. தூக்கம் கெட்டால், தின்னச் சொல்லும் ஹார்மோனின் கை ஓங்குகிறது.

ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள்

கண் விழிக்கும் மாணவனாவது பரீட்சை முடிந்தால் தூங்கலாம். பிழைப்புக்காகவே இரவில் விழிப்பவர்கள் என்ன செய்வது?

ஆஸ்பத்திரி நர்சு, மூன்றாம் ஷிப்டு மில் தொழிலாளி, ரயில் டிரைவர், ரோந்து போகும் போலீஸ்காரர், வெளிநாட்டுக் கம்பெனிக்காக விடிய விடியக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் இளைஞர், பால் வண்டிக்காரர்... இந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நீங்கள் காலைக் காப்பியோடு பிரிக்கும் நேரத்தில், அதை அச்சடித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்திருப்பார்கள்.

இவர்களுக்கு உடம்பு பருத்தால், 'கண்டதைத் தின்கிறான்' என்று ஊர் சொல்லும். சர்க்கரை வியாதி வந்தால், 'வாயைக் கட்டவில்லை' என்று வீடு சொல்லும். ஆனால், இவர்கள் வாழ்வது குகையில்லாத குகை வாழ்க்கை. மாமத் குகையில் கிளைட்மன் 32 நாட்கள் பட்ட பாட்டை இவர்கள் வருஷக் கணக்கில் படுகிறார்கள்.

அதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 1 லட்சத்து 77 ஆயிரம் நர்சுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாறி மாறி இரவு ஷிப்டு பார்த்த வருஷங்கள் கூடக் கூட, நீரிழிவு வரும் அபாயமும் கூடியது. உடல் பருமன் இதற்கு ஒரு பெரிய காரணம். பருமனின் பங்கைக் கழித்த பிறகும் அபாயம் முழுவதும் மறையவில்லை.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? 2009-ல் பாஸ்டன் விஞ்ஞானிகள் இதற்கு விடை காட்டினார்கள். எதை வைத்துக் காட்டினார்கள் தெரியுமா? கிளைட்மனின் அதே 28 மணி நேர நாளை வைத்துத்தான்!

10 பேர் மங்கலான வெளிச்சத்தில் 28 மணிக் கணக்கில் உண்டு, உறங்கி வாழ்ந்தார்கள். ஒவ்வொரு நாளும் சாப்பாடும் தூக்கமும் 4 மணி நேரம் தள்ளிப் போயின. மூன்று நாளில் 12 மணி நேர வித்தியாசம். அதாவது இரவு பகலாகவும், பகல் இரவாகவும் புரண்டுவிட்டது. அப்போது அளந்தார்கள். இன்சுலின் 22 சதவிகிதம் அதிகமாக ஊறியும், ரத்தச் சர்க்கரை 6 சதவிகிதம் ஏறியிருந்தது. 'போதும்' என்னும் லெப்டின் 17 சதவிகிதம் இறங்கியிருந்தது. ரத்த அழுத்தமும் சற்று உயர்ந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு வந்தவர்களில் சர்க்கரையைச் சரிபார்க்க முடிந்த 8 பேரில் 3 பேருக்கு, நீரிழிவின் வாசற்படி வரை அளவு போய்விட்டது!

அவர்கள் யாரும் கண்டதைத் தின்னவில்லை. அளந்து கொடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள்.

ஒரு வழி பிறந்தது

வேலையை விட்டுவிடு என்று சொல்வது சுலபம். நர்சு வேலையை விட்டால் நோயாளி என்ன ஆவார்? டிரைவர் தூங்கப் போனால் ரயில் எப்படி ஓடும்?

ஆகவே விஞ்ஞானிகள் வேறு ஒன்றை யோசித்தார்கள். இரவு வேலையை நிறுத்த முடியாது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாம் அல்லவா?

மறுபடியும் 28 மணி நேர நாள்! பாஸ்டனில் 19 ஆரோக்கியமான இளைஞர்களும் இளம் பெண்களும் 14 நாட்கள் தங்கி இரவு வேலைக்காரரைப் போல வாழ்ந்தார்கள். ஒரு பகுதியினர், இரவு வேலை செய்பவர் வழக்கமாகச் செய்வதைப் போல, இரவிலும் சாப்பிட்டார்கள். மற்றப் பகுதியினர் இரவில் விழித்திருந்தாலும் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள்.

2021-ம் ஆண்டின் இறுதியில் முடிவு வெளிவந்தது. இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 சதவிகிதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சொல்லத்தக்க ஏற்றமே இல்லை! தூக்கம் இடம் மாறியிருந்தும், சாப்பாட்டு நேரம் அவர்களைக் காப்பாற்றியது. மூளையின் கடிகாரமும் ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் நின்றன.

இது 19 பேரை மட்டும் வைத்து, பரிசோதனை அறைக்குள் நடந்த ஆராய்ச்சி. இதையே வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது. ஆனாலும், செலவில்லாத ஒரு வழி தெரிகிறது என்பதில் சந்தேகமில்லை.

நாம் செய்யக் கூடியது

இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன், பொழுது இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம். நடுநிசியில் பிரியாணிப் பொட்டலம் பிரிப்பதைத் தவிர்க்கலாம். வேலை முடிந்து வந்து படுக்கும் அறையில் திரையைப் போட்டு இருட்டாக்கிக் கொள்ளலாம். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடிக்காமல், வானொலியை உரக்க வைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு. பகலில் தூங்குகிறவரைச் சோம்பேறி என்று எண்ண வேண்டாம். ஷிப்டை அடிக்கடி மாற்றிப் போடாமல் இருப்பது முதலாளிமாரின் பொறுப்பு.

பகல் வேலைக்காரர்களுக்கு இன்னும் சுலபம். காலையில் சற்று நேரம் வெளிச்சத்தில் நடக்கலாம். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாகவும் அளவாகவும் வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் கைப்பேசியின் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால், பினியல் சுரப்பி இன்னும் பொழுது சாயவில்லை என்று ஏமாந்துபோகும். மெலடோனின் வர நேரமாகும். அதை எட்ட வைத்துவிடலாம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது, எந்த மருந்துக் கடையிலும் விற்காத மருந்து.

டாக்டர் கிளைட்மன் 1999-ம் ஆண்டு தமது 104-வது வயதில் காலமானார். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் 28 மணிக்கு இணங்காது என்று பாஸ்டனில் நிரூபித்ததும் அதே ஆண்டில்தான். குகைக்குள் 32 நாட்கள் அவருடைய உடல் பிடித்த முரண்டு நியாயமானதே என்பது அன்று ருசுவாயிற்று.

இன்று இரவு வேலை முடிந்து வந்து, உண்ணவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் தவிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் உடலும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறது.